கடவுளை நம்புவதும் அறிவியலை நம்புவதும் ஒன்றா? மண்டபம் கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபம் பக்கத்தில் ஒரு பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். ஈர்ப்புவிசைப் பாடம் முடிந்ததும் வகுப்புக்குள் கடவுள் வந்துவிடுவார். யாராவது ஒரு பிள்ளை அழைத்துவிடும். சாயங்காலம் டீக்கடையில் அதே கேள்வி வேறு வாயிலிருந்து வரும். ராமேஸ்வரம் கோயிலும் ஏர்வாடி தர்காவும் ஓரியூர் அருளானந்தர் தேவாலயமும் ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன. கறுப்புச் சட்டைக்காரர்களும் இருக்கிறார்கள். கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. திரும்பத் திரும்ப வருபவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். யாரையும் மதம் மாற்றவும் அல்ல, மதத்தை விட்டு இறக்கவும் அல்ல.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். கடவுளை நம்புவது, ஓர் அறிவியல் கோட்பாட்டை ஏற்பது போல நியாயமானதா?

நியாயமானதாக இருக்க முடியும். ஆனால் அறிவியல் கோட்பாடு நியாயமாகிற அதே வழியில் அல்ல. அதே வழியில்தான் என்று காட்டப் போனால் நம்பிக்கைக்குத்தான் சேதம்.

நிலாவும் சூரியனும் இழுப்பதால் கடல் ஏறி வற்றுகிறது. பாம்பனில் என்றைக்கு, எத்தனை மணிக்கு ஏறும் என்று முன்கூட்டியே அட்டவணை போட்டுவிடுகிறார்கள். அந்த அட்டவணையை ராமேஸ்வரத்துக் குருக்கள் ஒருவரிடமும், கீழக்கரை மரைக்காயர் ஒருவரிடமும், தங்கச்சிமடத்தில் பூசைக்குப் போகிற ஒருவரிடமும், பெரியார் தொண்டர் ஒருவரிடமும் கொடுங்கள். நால்வருக்கும் கடல் ஒரே நேரத்தில்தான் ஏறும். சந்தேகம் இருந்தால் கரையில் ஒரு கம்பை நட்டுப் பார்த்துக்கொள்ளலாம். யார் நட்டாலும் சரி.

கடவுளை நம்பவும் காரணங்கள் உண்டு. சில காரணங்கள் வலுவானவை. ஆனால் அவற்றை அப்படியே கைமாற்ற முடிவதில்லை. ஒருவருடைய வாழ்க்கையையே தாங்கி நிற்கிற காரணம், பக்கத்து வீட்டுக்காரருக்கு வெறும் கதையாகத் தெரிகிறது. பக்கத்து வீட்டுக்காரர் அறிவில் குறைந்தவர் அல்ல, கெட்டவரும் அல்ல. கீழே நான் சொல்வதெல்லாம் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் வருகிறது.

கண்ணால் பார்க்காத எலக்ட்ரானை நம்பச் சொல்கிறீர்கள். கண்ணால் பார்க்காத கடவுளை நம்பினால் மட்டும் தப்பா, சார்?

தப்பில்லை. "பார்த்தால்தான் நம்புவேன்" என்று சொல்பவர்களுக்கு இது சரியான அடி. கண்ணால் காண்பது ஒன்றே அறிவுக்கு வழி என்று பழைய உலகாயதர்கள், அதாவது கடவுளையும் மறுமையையும் மறுத்தவர்கள், சொன்னதாக நம் நூல்கள் சொல்கின்றன. அதை அப்படியே பிடித்துக்கொண்டால் இயற்பியல் பாடப்புத்தகத்தில் பாதியைக் கிழித்துப் போட வேண்டியதுதான்.

பார்த்தோமா இல்லையா என்பது இங்கே பெரிய விஷயமில்லை. யுரேனஸ் கோள் கணக்குப்படி நகரவில்லை என்பது 19-ஆம் நூற்றாண்டில் தெரிந்திருந்தது. வெளியே இன்னொரு கோள் இருந்து இழுத்தால்தான் இப்படி நகரும் என்று லெவெரியே என்ற பிரெஞ்சுக்காரர் காகிதத்திலேயே கணக்குப் போட்டு, அது இருக்க வேண்டிய இடத்தையும் குறித்துக் கொடுத்தார். 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லினில் காலே என்பவர் தொலைநோக்கியை அங்கே திருப்பினார். சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் நெப்டியூன் இருந்தது. பார்ப்பதற்கு முன்பே அது இருக்கிறது என்று நினைத்தது முழுக்க நியாயம்.

அதே லெவெரியே 1859-ல் இன்னொன்று சொன்னார். புதன் கோளின் பாதையும் கணக்கோடு ஒட்டவில்லை. ஆகவே சூரியனுக்குப் பக்கத்தில் ஒரு கோள் ஒளிந்திருக்க வேண்டும். அதற்கு வல்கன் என்று பெயரும் வைத்தாகிவிட்டது. பார்த்தேன் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். கடைசிவரை அது கிடைக்கவில்லை. புதனின் பாதையில் நூற்றாண்டுக்கு 43 விகலை (ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3,600-ல் ஒரு பங்கு) மிச்சமாக நின்ற அந்தத் துளி வித்தியாசத்தை 1915-ல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல்தான் தீர்த்து வைத்தது. ஒரே ஆள், ஒரே மாதிரி வாதம். ஒரு தடவை ஜெயித்தது, ஒரு தடவை தோற்றது. தோற்றது நமக்கு எப்படித் தெரிந்தது? எங்கே பார்க்க வேண்டும் என்று அவரே சொல்லியிருந்ததால்தான்.

"இங்கே பாருங்கள், இல்லையென்றால் நான் தோற்றேன்" என்று ஒரு கருத்து சொல்லத் துணிந்தால்தான் அது அறிவியல் என்று கார்ல் பாப்பர் 1934-ல் வாதிட்டார். எலக்ட்ரான் அந்தத் துணிச்சலோடு வருகிறது. கடவுள் நம்பிக்கை பெரும்பாலும் அப்படி வருவதில்லை.

இதோடு இன்னொன்றையும் சொன்னால்தான் கதை நேர்மையாக இருக்கும். புதன் ஒட்டவில்லை என்று தெரிந்த மறுநாளே யாரும் நியூட்டனைத் தூக்கி எறியவில்லை. 50 ஆண்டுக்கு மேல் பொறுத்திருந்தார்கள். அவர்கள் முட்டாள்கள் அல்ல. மற்ற எல்லாம் ஒட்டும்போது ஒன்று ஒட்டாததற்காகக் கைவிட முடியாது. ஆகவே ஒரு வேண்டுதல் பலிக்கவில்லை என்பதற்காக ஒருவர் நம்பிக்கையை விடவில்லை என்றால், அதை மட்டும் வைத்து அவரைக் கேலி செய்வது சரியில்லை.

அப்படியானால் பிரார்த்தனையைச் சோதித்துப் பார்த்துவிடலாமே?

பார்த்தார்கள். அமெரிக்காவில் 6 மருத்துவமனைகளில் இதய பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1,802 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்காக வெளியாட்கள் ஜெபித்தார்கள், இன்னொரு குழுவுக்காக ஜெபிக்கவில்லை; தங்களுக்காக ஜெபம் நடக்கிறதா என்பது இரண்டு குழுவுக்கும் உறுதியாகத் தெரியாது. மூன்றாவது குழுவுக்காக ஜெபித்ததோடு, அதை அவர்களிடம் சொல்லியும் விட்டார்கள். முடிவு 2006-ல் வந்தது. அறுவைக்குப் பின் சிக்கல் வந்தவர்கள் முதல் இரண்டு குழுக்களில் 52, 51 சதவீதம். சொல்லிவிட்டு ஜெபித்த குழுவில் 59. (நமக்காக ஊரே ஜெபிக்கிறது என்றால் நிலைமை அவ்வளவு மோசமா என்று பயந்துவிட்டார்களோ என்னவோ.)

பக்தர்கள் இதற்கு உடனே ஒரு பதில் சொல்வார்கள்: கடவுள் பட்டனை அழுத்தினால் ஓடுகிற இயந்திரம் இல்லை, அவரைச் சோதிக்கக் கூடாது. நியாயமான பதில்தான். ஆனால் அதைச் சொன்ன வாய் அடுத்த வாரம் "வேண்டினேன், கட்டி கரைந்துவிட்டது, இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்" என்று சொல்லக் கூடாது. பலிக்காதது கணக்கில் சேராது என்றால் பலித்ததும் சேராது.

2004 சுனாமியில் நம் கரை தப்பியது. அது கடவுள் காத்தது இல்லையா?

இந்தக் கேள்வியை நான் எப்போதும் மெதுவாகத்தான் தொடுவேன். கேட்பவர்களில் பலர் அன்றைக்குக் கடலில் இருந்தவர்கள்.

அன்று காலை 6:28 மணிக்குச் சுமத்ரா அருகே 9.1 அளவில் நிலநடுக்கம். அலை கிழக்கிலிருந்து வந்தது. அதற்கும் நமக்கும் நடுவே இலங்கை இருந்தது. நேரடி அடியை அதன் கிழக்கு, தெற்குக் கரைகள் வாங்கின. அந்த நாட்டில் மட்டும் 30,000 பேருக்கு மேல் இறந்தார்கள். தீவைச் சுற்றி வளைந்து, தேய்ந்து போன அலைதான் நமக்கு வந்தது. அதே ஞாயிற்றுக்கிழமை காலையில் வேளாங்கண்ணிக் கடற்கரையில் இறந்தவர்களில் பலர் மாதாவைக் கும்பிட வந்தவர்கள்.

நம் கரைக்கும் முறை வந்ததுண்டு. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் புயல் எடுத்துக்கொண்டது. பாம்பனிலிருந்து போன ரயிலில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். ரயில் நிலையமும் தபால் நிலையமும் தேவாலயமும் போயின. தேவாலயத்தின் சுவர் இன்னும் நிற்கிறது. சுற்றுலாப் பயணிகள் அதன் முன்னால் படம் எடுத்துக்கொள்கிறார்கள். 2004-ல் காத்தது கடவுள் என்றால், 1964-ல் காக்காததற்கும் அவரிடமே விளக்கம் கேட்க வேண்டும். வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாமல் விட்டால் எந்தக் கடையும் லாபத்தில்தான் ஓடும்.

ஊழ்வினை, சோதனை, மறுமையில் நீதி என்று ஒவ்வொரு சமயமும் இதற்குப் பதில் வைத்திருக்கிறது. எனக்கு எதுவும் முழுசாக ஒப்பவில்லை. ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் இவற்றில் எதைச் சொன்னாலும் வாய் கூசுகிறது. அதே சமயம், தப்பி வந்து மறுநாள் கோயிலில் தேங்காய் உடைத்தவரிடம் போய் இலங்கை வரைபடத்தை விரித்துக் காட்டவும் மாட்டேன். அவர் நன்றி சொல்கிறார். யாரிடமும் வாதாடவில்லை.

ராமர் பாலத்துக் கல் என்று காட்டுகிறார்களே, அந்த மிதக்கும் கல்?

கல்லின் மொத்த எடை, அது இடம்பெயர்க்கும் நீரின் எடையைவிடக் குறைவாக இருந்தால் மிதக்கும். நம் பக்கத்துப் பவளக் கல் முழுக்கத் துளைகள் கொண்டது. துளைக்குள் காற்று அடைபட்டிருந்தால் மிதக்கும், நீர் புகுந்தால் அமிழும். எரிமலையிலிருந்து வரும் நுரைக்கல்லும் மிதக்கும். ஒரு துண்டைப் பொடித்துத் தண்ணீரில் போடுங்கள், பொடி அடியில் போய்ப் படியும். ராமாயணத்தை நம்புகிறவர் இதற்காகக் கோபப்பட வேண்டியதில்லை. கல்லைக் காட்டி நிரூபிக்க வேண்டிய நிலையில் ராமர் இல்லை.

கடலையொட்டிய தீர்த்தக் கிணறுகளில் நல்ல தண்ணீர் வருவதையும் கேட்பார்கள். மழைநீர் கடல்நீரைவிட இலேசு. மணலுக்குள் அது உப்புநீரின் மேல் மிதந்து நிற்கும். கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நல்ல நீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீட்டர்வரை இருக்கும் என்பது பொதுக் கணக்கு. அளவுக்கு மீறி மோட்டார் போட்டு உறிஞ்சினால் அங்கேயும் உப்பு ஏறிவிடும், தீர்த்தம் என்று பார்க்காது.

பானை இருந்தால் குயவன் உண்டு. உலகம் இருந்தால்?

இது வேறு தரத்துக் கேள்வி. இந்த வாதத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்குபவர்கள் அதைப் படித்ததில்லை என்றே நினைக்கிறேன்.

நியாயம் என்ற பழைய இந்தியத் தர்க்க மரபில் உதயணர் ஏறக்குறைய 1,000 ஆண்டுகளுக்கு முன் இதை முழு வலுவோடு கட்டினார். 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதம் என்ற சைவ சித்தாந்த நூலை இதிலிருந்துதான் தொடங்குகிறார்: அவன், அவள், அது என்று சுட்டப்படுகிற உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குகிறது, ஆகவே அது எதில் ஒடுங்குகிறதோ அதிலிருந்தே மறுபடி தோன்ற வேண்டும், அப்படி ஒடுக்குகிறவன் உண்டு. "ஆகமம் சொல்கிறது, நம்பு" என்று அவர் ஆரம்பிக்கவில்லை. கண்முன் இருப்பதிலிருந்து காணாததைக் கருதுகிறார். கீழக்கரைப் பக்கம் மார்க்கக் கல்வி படித்தவர்களைக் கேட்டால் 1111-ல் மறைந்த இமாம் கஸ்ஸாலியைச் சொல்வார்கள்: தொடங்கிய எதற்கும் காரணம் உண்டு, உலகம் தொடங்கியது, ஆகவே அதற்கும் காரணம் உண்டு. பங்குச் சாமியாரைக் கேட்டால் இடைக்காலக் கத்தோலிக்க அறிஞர் தோமா அக்குவினாவைச் சொல்வார். மூன்று தெருவிலும் ஏறக்குறைய ஒரே வாதம்.

எதிர்ப்பும் வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. வேதத்தை உயிராகப் பிடித்த மீமாம்சகர் குமாரில பட்டர், படைத்தவன் ஒருவன் என்பதை ஏற்கவில்லை. உடம்பில்லாமல் எப்படிப் படைத்தான்? என்ன தேவைக்காகப் படைத்தான்? என்று குடைந்தார். சமணரும் பௌத்தரும் படைத்தவன் இல்லாமலே தத்துவம் நடத்தினார்கள். ஸ்காட்லாந்துக்காரர் டேவிட் ஹியூமின் வாதம் அவர் இறந்த பிறகு 1779-ல் அச்சில் வந்தது. ஓர் அழகான கப்பலைப் பார்த்துக் கட்டினவன் மேதை என்று வியக்கிறோம்; போய்ப் பார்த்தால் அவன் சாதாரண ஆசாரி, தலைமுறை தலைமுறையாகப் பலர் கட்டிக் கெடுத்துத் திருத்தியதைப் பார்த்துச் செய்தவன். உலகுக்கும் அப்படி இருக்கக் கூடாதா? ஒருவன்தான் கட்டினான் என்பது எப்படித் தெரியும்? நாட்டுப்படகு கட்டுகிற இடத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும்.

என் கருத்தைச் சொல்கிறேன். "அடியில் ஏதோ ஒன்று இருக்க வேண்டும்" என்ற இடம்வரை இந்த வாதம் நன்றாக நடக்கிறது. "ஏன் எதுவுமே இல்லாமல் போகவில்லை" என்ற கேள்விக்கு இயற்பியலிலும் பதில் இல்லை, ஆகவே அதை நினைத்துப் பார்ப்பவர் அறிவுக்குப் புறம்பாக எதுவும் செய்யவில்லை. ஆனால் அந்த ஏதோ ஒன்றிலிருந்து, அமாவாசைக்கு அக்னி தீர்த்தத்தில் முழுக்குப் போட்டால் மகிழ்கிறவர்வரை நடந்து போக இந்த வாதத்துக்குக் கால் இல்லை. லெவெரியேயிடம் குறித்த இடம் இருந்தது, திருப்பிப் பார்க்கத் தொலைநோக்கி இருந்தது. மெய்கண்டாரின் வாதத்தை ஏற்ற பிறகு அடுத்து எதைப் போய்ச் சரிபார்ப்பது?

பெருவெடிப்பு, படைப்பை நிரூபித்துவிட்டது என்கிறார்களே?

பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-ல் எழுதிய ஜார்ஜ் லெமேத்ர், பெல்ஜியத்துக் கத்தோலிக்கப் பாதிரியார். 1951-ல் போப் 12-ஆம் பயஸ், இந்தப் புதிய அறிவியல் படைப்புக்குச் சாட்சி சொல்கிறது என்ற பொருளில் பேசினார். மகிழ வேண்டிய பாதிரியார் அதை விரும்பவில்லை. தன் கோட்பாடு மதக் கேள்விக்கு வெளியே நிற்கிறது என்பதே அவர் நிலை. நாளைக்குக் கணக்கு மாறினால் கடவுளும் சேர்ந்து விழ வேண்டுமா?

எதிர்ப்பக்கத்தில் ஆங்கிலேய வானியலாளர் ஃப்ரெட் ஹாயில், நாத்திகர். தொடக்கமே இல்லாத பிரபஞ்சம் என்று 1948-ல் வேறு கோட்பாடு வைத்தார். யார் ஜெபித்தார், யார் ஜெபிக்கவில்லை என்பதை வைத்து இது முடிவாகவில்லை. பென்சியாஸ், வில்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஓர் ஆன்டெனாவில் எவ்வளவு துடைத்தும் போகாத இரைச்சலைக் கேட்டார்கள். அது ஆதிப் பிரபஞ்சத்தின் மிச்ச வெப்பம் என்று 1965-ல் தெரிய வந்தது. ஹாயிலின் கோட்பாடு அதோடு சரிந்துவிட்டது.

கலாம் ஐயாவே கடவுளை நம்பினாரே. ராமானுஜனும்தான்.

கலாம் நம் ராமேஸ்வரத்துப் பிள்ளை. தொழுகையும் ராக்கெட்டும் ஒரே மனிதரிடம் இருந்ததைப் பார்த்த பெருமை நமக்கு உண்டு. இரண்டும் ஒரு தலைக்குள் சண்டையில்லாமல் இருக்கலாம் என்பதற்கு அவர் சாட்சி. கடவுள் இருக்கிறார் என்பதற்குச் சாட்சி ஆக மாட்டார். அப்படி ஆக்கினால், நட்சத்திரங்களின் முடிவைக் கணக்கிட்டு 1983-ல் நோபல் வாங்கிய நம் சந்திரசேகர் நாத்திகர் என்பதை எதிர்த்தரப்பு எடுத்துப் போடும். ஆளுக்கு ஆள் சரியாகிவிடும்.

எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு 1979 இயற்பியல் நோபல். பகிர்ந்த மூவரில் அப்துஸ் சலாம் பக்தியுள்ளவர். ஸ்டீவன் வைன்பெர்க் ஒளிவுமறைவில்லாத நாத்திகர். இருவரும் தனித்தனியாக வந்து சேர்ந்தது ஒரே கோட்பாட்டுக்கு. அது இருக்கும் என்று சொன்ன துகள்கள் 1983-ல் ஜெனீவா ஆய்வகத்தில் கிடைத்தன. துகள்கள் யார் கும்பிடுகிறார், யார் கும்பிடவில்லை என்று பார்க்கவில்லை.

ராமானுஜன் சூத்திரங்களை நாமக்கல் நாமகிரித் தாயார் தருவதாகச் சொன்னார். அவரை இங்கிலாந்துக்கு அழைத்த கணித அறிஞர் ஹார்டி அதைப் பொருட்படுத்தாமல் நிரூபணம் கேட்டார். பகா எண்களைப் பற்றி ராமானுஜன் முதலில் அனுப்பியவற்றில் தவறும் இருந்தது. ஒரு கருத்து எங்கிருந்து வந்தாலும் சரி, கனவில் வந்தாலும் சரி. உள்ளே விடுவதற்கு முன் நடக்கிற பரிசோதனை எல்லாருக்கும் ஒன்றுதான்.

கடவுள் இருக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று கணக்குப் போட முடியுமா?

போட்டிருக்கிறார்கள். கருவி தாமஸ் பேய்ஸ் என்ற பாதிரியாருடையது. அவர் இறந்தபின் 1763-ல் வெளியானது. ஒரு கருத்துக்கு முதலில் எவ்வளவு வாய்ப்புக் கொடுத்தோம், புதிய சான்று வந்ததும் அதை எவ்வளவு ஏற்றி இறக்க வேண்டும் என்று சொல்கிற சூத்திரம். ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ரிச்சர்ட் ஸ்வின்பர்ன் இதை வைத்தே, உலகில் ஒழுங்கு இருக்கிறது, மனம் என்று ஒன்று இருக்கிறது என்பவற்றையெல்லாம் கூட்டினால் கடவுள் இருக்க வாய்ப்பே அதிகம் என்று வாதிட்டார். ஆள் சாதாரணமானவர் அல்ல.

சிக்கல் முதல் எண்ணில். நவம்பரில் வங்கக் கடலில் புயல் வர எவ்வளவு வாய்ப்பு என்றால், பழைய நவம்பர்களை எண்ணித் தொடங்கலாம். பிரபஞ்சம் நம்மிடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. கடவுள் செய்த பிரபஞ்சம் இத்தனை, செய்யாதது இத்தனை என்று எண்ண வழியில்லை. ஆகவே ஆளுக்கொரு எண்ணில் தொடங்கி, ஆளுக்கொரு விடையில் முடிக்கிறார்கள். இயற்கையின் மாறிலிகள் (ஈர்ப்புவிசையின் வலிமை போன்ற மாறாத எண்கள்) உயிருக்கு ஏற்றபடி அமைந்திருப்பதை வைத்துச் செய்யும் வாதமும் இந்த இடத்தில்தான் சிக்குகிறது.

வாத்தியாரே, பாம்பனில் கூண்டு ஏற்றினால் போட்டை எடுக்க மாட்டோம். எடுக்கிற நாளில் சாமி கும்பிடாமல் எடுக்க மாட்டோம். இதில் எது அறிவு, எது மூடத்தனம்?

இரண்டும் மூடத்தனம் இல்லை.

புயல் எச்சரிக்கைக் கூண்டை நம்புவது அறிவியலை நம்புவது. கூண்டு ஏற்றிப் புயல் வேறு பக்கம் திரும்பிய நாட்கள் உண்டு; "சும்மா ஏற்றி எங்கள் பிழைப்பைக் கெடுத்தார்கள்" என்று அன்றைக்குத் திட்டுவார்கள். திட்டிவிட்டு அடுத்த தடவையும் கரையிலேயே இருப்பார்கள். மொத்தத்தில் அது சரியாகச் சொல்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

சாமி கும்பிடுவதற்கு வருகிறேன். வில்லியம் கிளிஃபர்ட் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1877-ல் ஒரு கப்பல் முதலாளியைக் கற்பனை செய்தார். கப்பல் பழசு, பழுது பார்க்கச் செலவாகும். இத்தனை நாள் போய் வந்த கப்பல்தானே, கடவுள் பார்த்துக்கொள்வார் என்று தன் சந்தேகத்தைத் தானே அமுக்கிவிட்டுப் பயணிகளை ஏற்றி அனுப்புகிறார். கப்பல் மூழ்குகிறது. அவர் குற்றவாளி என்கிறார் கிளிஃபர்ட். கப்பல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தாலும் குற்றவாளிதான் என்கிறார்; அப்படி நம்ப அவருக்கு உரிமை இல்லை. போதிய சான்றில்லாமல் எதையும் நம்புவது எங்கேயும் தவறு என்பது அவர் தீர்ப்பு.

1896-ல் அமெரிக்கர் வில்லியம் ஜேம்ஸ் மறுத்தார். சான்று இரண்டு பக்கமும் தீர்க்காத, ஆனால் தள்ளிப்போடவும் முடியாத சில கேள்விகள் உண்டு. அங்கே சான்று வரட்டும் என்று காத்திருப்பதும் ஒரு பக்கம் சாய்வதுதான். அப்படிப்பட்ட இடத்தில் நெஞ்சு சொல்கிற பக்கம் போக மனிதனுக்கு உரிமை உண்டு.

நான் இருவரையும் பங்கு பிரித்து ஏற்கிறேன். பலகை இற்றிருக்கும்போது "அந்தோணியார் பார்த்துக்கொள்வார்" என்று நாலு பேரை ஏற்றிக்கொண்டு போனால் அது கிளிஃபர்டின் முதலாளி செய்ததேதான். பலகையை மாற்றி, டீசல் பார்த்து, வயர்லெஸ் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் அந்தோணியாரையும் கும்பிட்டுப் போனால் யாருக்கு என்ன நஷ்டம்? நான் பார்த்தவரை நம் ஆட்கள் இரண்டாவது வகைதான்.

நோய்க்கு வேண்டிக்கொண்டால்?

இதில் எனக்கு இரண்டு மனம் கிடையாது. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டி வைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் கருகினார்கள். தர்காவின் அருளில் குணமாகும் என்று குடும்பத்தினர் கொண்டுவந்து விட்டுப் போனவர்கள். அவர்களை விட்டவர்களில் பெரும்பாலோர் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. மருத்துவத்துக்கு வசதியில்லாமல், வேறு வழி தெரியாமல், அன்போடு விட்டார்கள்.

மனநோய் எதனால் தணிகிறது என்பது சோதிக்கக்கூடிய கேள்வி. சோதிக்கக்கூடிய கேள்வியில் நம்பிக்கைக்குத் தனிச் சலுகை இல்லை. மருந்து எழுதுகிற பரீட்சையை அதுவும் எழுத வேண்டும். தர்காவுக்கு வருகிறவர்களுக்குப் பிற்பாடு அங்கேயே மனநல மருத்துவமும் கிடைக்க ஏற்பாடு வந்தது. துஆ என்கிற பிரார்த்தனையும் நடக்கும், மாத்திரையும் உண்டு. துஆ மனதைத் தாங்குகிறது என்று ஒருவர் சொன்னால் ஏற்கிறேன். மாத்திரையை நிறுத்து என்று சொன்னால் ஏற்க மாட்டேன்.

வாதமெல்லாம் இருக்கட்டும். நான் உணர்ந்திருக்கிறேன். அது பொய்யா?

பொய் என்று சொல்ல நான் யார்? ஆல்வின் பிளாண்டிங்கா என்ற தத்துவவாதி கேட்டது இதுதான்: உங்கள் அம்மாவுக்கு மனம் என்று ஒன்று இருக்கிறது என்பதை எந்த நிரூபணத்தைப் பார்த்து நம்பினீர்கள்? நேற்று என்று ஒரு நாள் இருந்ததை? சில நம்பிக்கைகள் வாதத்தின் முடிவாக வருவதில்லை. அவற்றின் மேல் நின்றுதான் வாதமே செய்கிறோம். கடவுள் நம்பிக்கையும் அந்த வகை என்கிறார்.

பாதி தூரம் அவரோடு போவேன். அம்மாவுக்கு மனம் உண்டு என்பதில் உலகத்தில் யாரும் நம்மோடு முரண்படுவதில்லை. கடவுளை உணர்ந்தவர்கள் ஒருவரோடு ஒருவர் முரண்படுகிறார்கள். ராமநாதசுவாமி சன்னதியில் உருகியவரும் ஏர்வாடியில் உருகியவரும் ஓரியூரில் உருகியவரும் ஒரே மாதிரி உருகுகிறார்கள்; எழுந்து வந்து சொல்கிற செய்தி வேறு. பெரும்பாலும் அவரவர் பிறந்த தெருவின் செய்தி. எல்லாம் ஒன்றுதான் என்று தாயுமானவர் வழியில் சமரசம் சொல்லலாம். அவர் சமாதி ராமநாதபுரத்தில்தான் இருக்கிறது. எனக்கும் அது பிடிக்கும். ஆனால் ஒன்றுதான் என்பதை மூன்று தெருக்காரரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

கடவுள் இல்லை என்று நிரூபிக்க முடியுமா?

முடியாது. பாக் நீரிணையில் கடற்கன்னி இல்லை என்றும் நிரூபிக்க முடியாது. இருக்கிறது என்பவர்தான் காட்ட வேண்டும். ஆனால் "இல்லவே இல்லை, அறிவியல் நிரூபித்துவிட்டது" என்று மேடையில் முழங்குகிற தோழரும் கையில் இல்லாத சீட்டைத்தான் இறக்குகிறார்.

நீங்கள் நம்புகிறீர்களா, இல்லையா?

வீட்டில் விளக்கு ஏற்றுகிறேன். ஏற்றாத நாள் ஏதோ போலிருக்கிறது. இதை ஆதாரம் என்று எங்கும் எழுத மாட்டேன்.

என் மகள் பிளஸ் டூ. உயிரியல் படிக்கிறாள். திடீரென்று கோயிலுக்கு வர மாட்டேன் என்கிறாள். என்ன செய்ய?

கட்டாயப்படுத்தாதீர்கள் அம்மா. ஏன் என்று கேளுங்கள். பரிணாமம் படித்ததால் என்றால், பரிணாமத்தை ஏற்ற பக்தர்கள் ஏராளம் என்று சொல்லலாம். கோயிலில் யாரோ மனம் புண்படும்படி நடந்தார்கள் என்றால் அது வேறு பேச்சு. அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். பல பிள்ளைகள் விஷயத்தில் காரணம் டார்வின் இல்லை. மாதவிலக்கு நாளில் ஒதுக்கி வைத்தது, ஒரு தோழியை வாசலோடு நிறுத்தியது, இப்படி ஏதாவது இருக்கும். அந்தக் கேள்விக்குப் பெருவெடிப்பைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

அவள் வாதாடினால் எதிர்த்து ஜெயிக்கப் பார்க்காதீர்கள். அவளுக்கு இந்தப் பக்கத்தை அனுப்பி வாயடைக்கவும் பார்க்காதீர்கள். பண்டிகைக்குச் சுண்டல் செய்தால் அவளுக்கும் ஒரு கிண்ணம் எடுத்து வையுங்கள்.

சார், இதெல்லாம் பரீட்சைக்கு வருமா?

வராது. ஆர்க்கிமிடீஸ் தத்துவம் வரும்.